ஐயமும் துணிவும்

பொருள்களை உள்ளவாறு உணர விழைவார் முதற்கண் அளவைகளை ஆராய்தல் வேண்டுமென்பது நூலோர் துணிபு. அருணந்தி சிவாசாரியார் தாம் அருளிய சிவஞான சித்தியாரில் முப்பொருளியல்பை விரிக்கப் புகுமுன்னர் அளவையியலை வைத்தமை இக்கருத்துப் பற்றியேயாம். அளக்குங் கோல் கோணிற்றாயின் அதனால் அளக்கப்பட்ட நிலமும் கோணிற்றாகவே கணக்கில் ஏறும். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனை அளவைகளெல்லாம் அடங்குமென்பதும், காட்சியை மாசுபடுத்துவன ஐயமும் திரிபும் என்பதும் நூல்வழி அறிந்தார் யாவரும் நன்குணர்ந்தனவே. மாலைப்பொழுதின் மங்கலொளியிலே தொலைவில் நிற்பதொன்றைக் கண்டு, குற்றியோ மகனோ என ஒன்றினும் நிலைபெறாது உள்ளம் ஊசலாடுதல் ஐயமாம். பழுதையைப் பாம்பென்று துணிந்து அலறுதல் திரிபாம்.

இவ்வாராய்ச்சி வாதம் புரிவார்க்கே வேண்டப்படுவதென்றும், இல்லறத்தில் உழல்வார்க்கு இதனாற் பயனில்லையென்றும் கருதுவார் சிலர். அது பொருந்தாது. என்னை? மனிதன் ஐயத்தால் அலைப்புண்பது கழகங்களிலும் அவைக்களங்களிலும் சிறிதே. தன் வீட்டுத் திண்ணையிலே, தான் அன்பு பாராட்டும் ஓருயிர் நோயுற்றவிடத்து அவன் படும் அலைவே பெரிது. இதனை முதியவரொருவர் தம் வளர்ப்பு நாயின் பொருட்டு எய்திய இடுக்கண் இனிது விளக்கும்.

காவிரி பாயும் ஊரொன்றில் அரசாங்க அலுவலினின்று ஓய்வு பெற்ற ஒருவர் தம் மனைவியாருடன் வாழ்ந்து வருகின்றார். அவர்தம் மகன் 2015-ஆம் ஆண்டில் லாப்ரடார் இனத்து நாய்க்குட்டியொன்றைக் கொணர்ந்தான். பின்னர்த் தொழிலின் பொருட்டு அயல்நாடு சென்றான். நாய் பெற்றோரிடத்தே தங்கிற்று. மணி என்பது அதன் பெயர். விடியலில் அவர் ஆற்றுக்குச் செல்லுங்கால் முன்னே செல்வதும், அவர் பூசையில் அமர்ந்திருக்குங்கால் வாயிற்படிக்கு அப்பால் முன்கால்களை நீட்டிப் படுத்திருப்பதும், பூசை முடிந்த மணியோசை கேட்டவுடன் எழுந்து அவர் கையின்கீழ்த் தன் தலையை நுழைத்து நிற்பதும் அதற்கு நாள்வழக்கம்.

2024-ஆம் ஆண்டு ஆவணித் திங்களில் அதன் வலப்பின்தொடையில் நெல்லிக்காயளவினதாகிய கட்டியொன்று காணப்பட்டது. கால்நடை மருத்துவர் அதனை ஆராய்ந்து, இது தோலிலே தோன்றும் ஒருவகைப் புற்று என்று கண்டு அறுத்தெடுத்தார். இவ்வகைப் புற்றைக் கட்டியினளவிற்கு மட்டும் அறுத்தல் பயன்படாது. கண்ணுக்குப் புலனாகாத வேர்கள் சூழப் பரந்திருத்தல் கூடுமாதலின், சுற்றிலும் 2 முதல் 3 சென்டிமீட்டர் வரையுள்ள நல்ல தோலையும், கீழே ஒரு தசைப்படலத்தையும் உடனெடுத்தல் மருத்துவர் வழக்கம். ஆகவே நெல்லிக்காயளவு கட்டிக்கு முக்காற் சாண் நீளத் தையலிடப்பட்டது. அதனைக் கண்ட முதியவர் கண்கலங்கினார். நாயோ மறுநாட் காலையிலேயே உணவுத் தட்டை நக்கி வழித்துவிட்டு, இன்னும் உளதோ என்று நோக்கிற்று. ஆய்வுக்கூடத்து அறிக்கையும் தீவிரம் குறைந்த வகையென்றும், அறுத்த விளிம்பிற் புற்றில்லையென்றும் வந்தது. வீட்டில் அனைவரும் ஆறுதலெய்தினர்.

அவ்வாறுதல் நான்கு திங்களே நிலைத்தது. 2025-ஆம் ஆண்டு தைத்திங்களில் ஒரு நாள் நாயைக் குளிப்பாட்டுங்கால், மார்பின் இடப்பக்கத்தே எலுமிச்சங்காயளவில் மெத்தென்றதோர் உருண்டை முதியவர் கைக்குத் தட்டுப்பட்டது. திடுக்குற்று உடல் முழுவதும் தடவினார். செவிக்குப் பின்னே ஒரு சிறு முடிச்சு. இடப்பின்தொடையின் மேற்புறத்தே பட்டாணியளவில் மற்றொன்று. அன்றுதொட்டு அவர்க்கு உறக்கமில்லை. நள்ளிரவில் எழுந்து கைவிளக்குடன் சென்று உறங்கும் நாயின் மயிரை விலக்கிப் பார்ப்பார். காலையிற் சிறுத்துத் தோன்றியது மாலையிற் பெருத்துத் தோன்றும். நேற்று இருந்ததோ இல்லையோ என்று நினைவும் தடுமாறும். பூசையின் நடுவே மனம் தொடையிலிருக்கும் பட்டாணிக்கு ஓடும். மகனுக்குத் தொலைபேசியில் உரைக்குங்காலும் வேறு பேச்சில்லை.

சின்னாளில் மற்றொன்று நிகழ்ந்தது. பூசைமணி ஒலித்தவுடன் ஓடிவரும் நாய், அவர் கை நீண்டதும் சற்றே பின்வாங்கத் தொடங்கிற்று. அவர் அதனையும் நோயின் குறியென்று அஞ்சினார். அவர் மனைவியார் அதிகம் பேசாதவர், அன்று மட்டும், “நோயொன்றுமில்லை. முன்னெல்லாம் உங்கள் கை அதனைத் தடவிக்கொடுக்கும். இப்பொழுது எதையோ தேடி அமுக்குகின்றது. அது வாயில்லாப் பிராணி, பிடிக்கவில்லையென்று விலகுகின்றது,” என்றார். முதியவர் ஒன்றும் விடை கூறவில்லை. அன்றிரவு கைவிளக்கை எடுக்கவுமில்லை.

அண்டையயலார் கூறியனவும் இவ்விடத்துக் கருதற்பாலன. எதிர்வீட்டவர் கட்டிகளை ஒருமுறை தொட்டுப் பார்த்து, “புற்று ஒருமுறை வந்தால் விடாது; உடலெங்கும் பரவிவிட்டது. இனிப் பணத்தைச் செலவிடுதல் வீண்,” என்றார். பால் கொணர்பவர், “இவையெல்லாம் வெறுங் கொழுப்பு. பத்து வயதான நாய்க்கு வருவதுதான், பேசாமல் விட்டுவிடுங்கள்,” என்றார். முன்னவர் சொல் கேட்ட நாளில் முதியவர்க்கு உணவு செல்லவில்லை. பின்னவர் சொல் கேட்ட நாளில் இரண்டு நாள் நிம்மதியாயிருந்தார். மூன்றாம் நாள் மீண்டும் முன்னவர் சொல்லே செவியில் ஒலித்தது.

இங்ஙனம் அவர் உள்ளம் ஊசலாடியதற்குக் காரணம் யாது? கிடைத்த காட்சி ஐயக்காட்சியாகவும், அதன்மேற் செய்த கருதல் ஏதுப்போலியாகவும், கேட்ட உரை ஆப்தர் அல்லாதார் உரையாகவும் அமைந்தமையேயாம். ஒவ்வொன்றாக நோக்குவாம்.

முதலாவது காட்சி. விரல்நுனிக்குப் புலனாவது கட்டி உண்டென்பதும், அதன் அளவும், மென்மை வன்மையுமே. அது யாதென்பது விரலுக்குப் புலனன்று. நாயின் தோலிலும் தோலின் கீழும் தோன்றுவன பல. முதிர்ந்த நாய்களிடத்து மிகுதியும் காணப்படுவது கொழுப்புக் கழலை, அது மெத்தென்றும் விரலுக்கு வழுக்கி நகர்வதாயும் இருக்கும், தீங்கற்றது. மயிர்க்கால்களை ஒட்டிய நெய்ச்சுரப்பிகள் பருத்து மருவைப்போல் நிற்பதுண்டு. அடைபட்ட மயிர்க்காலில் வெண்பசை நிறைந்து நீர்க்கட்டியாவதுண்டு. உண்ணி கடித்த இடம் பல வாரம் தடித்து முடிச்சாக நிற்பதும் நம் நாட்டில் எங்கும் காணப்படுவதே. அறுவை செய்த இடத்திலேயே, உள்ளிருக்கும் தையல்நூலின் பொருட்டுத் தோன்றும் சிறு திரளைகளும், தோலின்கீழ் நிணநீர் தேங்குதலால் வரும் வீக்கமும் உள. இவற்றொடு ஒப்பத் தோன்றுவனவாய்த் தீய புற்றுக்களும் உள.

அவற்றுள் மணிக்கு வந்தது மாஸ்ட் செல் கட்டி எனப்படும். நாய்களின் தோலில் வரும் தீய கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. லாப்ரடார், பாக்ஸர், பக் முதலிய இனங்கட்கு இது மிகுதி. லாப்ரடாருக்குக் கொழுப்புக் கழலையும் மிகுதி. ஆகவே அவ்வினத்து நாயின் உடலில் இரண்டும் அடுத்தடுத்து இருத்தல் வியப்பன்று. மாஸ்ட் செல் என்பது நல்லுடலிலும் உள்ள ஓர் உயிரணுவே. செருமானிய அறிஞர் பால் ஏர்லிக் என்பார் 1878-ஆம் ஆண்டில் தம் பட்டத்திற்கு எழுதிய ஆராய்ச்சியுரையில் இதனை விளக்கிப் பெயரிட்டார். சாயமூட்டிப் பார்க்குங்கால் அவ்வணுவினுள்ளே மணிமணியான துகள்கள் நிறைந்து தோன்றின; அவற்றை அது உண்ட உணவென்று கருதி, கொழுக்க ஊட்டுதலைக் குறிக்கும் ‘மாஸ்ட்’ என்னும் செருமானியச் சொல்லால் வழங்கினார். அத்துகள்கள் உணவல்லவென்பது பின்னர்த் தெரிந்தது. ஹிஸ்டமின் முதலிய வீரியமுள்ள பொருள்கள் அவற்றில் அடங்கியுள. பூச்சி கடித்த இடம் சிவந்து தடிப்பதும் அரிப்பதும் இவ்வணுக்களின் தொழிலே.

இவ்வணு வரம்பின்றிப் பெருகித் திரண்டதே இக்கட்டி. ஆகலின் அதனை அமுக்கினும் பிதுக்கினும் உள்ளிருக்கும் ஹிஸ்டமின் வெளிப்பட்டு, சுற்றிலும் சிவந்து வீங்கும். சில நாளில் வீக்கம் வற்றிக் கட்டி சிறுத்தாற்போலத் தோன்றும். முதியவர் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகக் கண்ட வேறுபாட்டிற்கு, அவர் நாடோறும் அமுக்கிப் பார்த்ததுவே ஒரு காரணமாதல் கூடும். சிறுத்ததைக் கண்டு நோய் நீங்கிற்றென மகிழ்தலும், வீங்கியதைக் கண்டு நோய் முற்றிற்றென நடுங்குதலும் ஒருங்கே திரிபாம். மேலும் இக்கட்டி சிலபோது கொழுப்புக் கழலையைப் போன்றே மெத்தென்றிருக்கும். பல்லாண்டு பழகிய மருத்துவர் விரலும் இதனைத் தொட்டுத் துணிய மாட்டாது.

இரண்டாவது கருதல். முதியவர் உள்ளத்தே ஓடிய கருத்தினை நூல்முறையில் நிறுத்தினால் இங்ஙனமாம்: “இந்நாய்க்கு முன்னர் வந்த கட்டி புற்று, இவையும் கட்டிகள், ஆதலின் இவையும் புற்று.” புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்னும் உடனிகழ்ச்சி தவறாது நிற்றலின் புகை நெருப்புக்கு ஏதுவாயிற்று. கட்டியுள்ள இடமெல்லாம் புற்றுண்டு என்னும் உடனிகழ்ச்சி உண்டோ? இல்லை. ஆகவே அது ஏதுப்போலி. முன்பு புற்று வந்தமை, இம்முறை விரைந்து ஆராய்தல் வேண்டும் என்பதற்கு ஏதுவாம்; இதுவும் புற்றே என்பதற்கு ஏதுவாகாது. பால் கொணர்பவர் கருதலும் அவ்வாறே குற்றமுடைத்து. முதுமையிற் கழலை வருதல் பெரும்பான்மை. பெரும்பான்மை பற்றி ஒன்றனைத் துணிதல் ஆகாது.

மூன்றாவது உரை. பொருளை உள்ளவாறறிந்து, அறிந்தவாறே உரைப்பானது சொல்லே அளவையாம். அயலார் இருவரும் அன்புடையார். பொய்யுரைக்கும் நோக்கமும் அவர்க்கில்லை. எனினும் தாம் அறியாததனை அறிந்தார்போல் உரைத்தனர். அன்புடைமை ஒன்றே ஒருவரை ஆப்தராக்காது. அறிவும் உடன் வேண்டும்.

மனைவியார் வற்புறுத்த, ஒரு வெள்ளிக்கிழமை நாயை மருத்துவரிடம் கொண்டு சென்றனர். அவ்வம்மையார் மூன்று கட்டிகளையும் தொட்டுப் பார்த்து வாளாவிருந்தார். “அம்மா, புற்றுத்தானே?” என்றார் முதியவர். “தெரியாது ஐயா. இன்னும் அரைமணியிற் சொல்லக்கூடும். தெரிந்துகொள்வதற்கு வழி இருக்கும்போது நான் ஏன் ஊகித்துச் சொல்லவேண்டும்?” என்று அவர் விடையிறுத்தார். மெல்லிய ஊசியொன்றை ஒவ்வொரு கட்டியினுள்ளும் செலுத்தி, அதன் உள்ளடங்கிய சிறிதினைக் கண்ணாடித் தகட்டில் உதிர்த்துப் பரப்பினார். இதற்கு மயக்கமருந்து வேண்டுவதில்லை; தடுப்பூசி போடுதலினும் மிக்க நோவு தருவதன்று. மணி, மனைவியார் கையிலிருந்த ரொட்டித்துண்டில் கருத்தாயிருந்தது.

மார்பின் உருண்டையிலிருந்து வந்தது தகட்டின்மேல் எண்ணெய்ப்பசைபோல் உலராது நின்றது, நுண்பெருக்கியிற் கொழுப்பணுக்களே தெரிந்தன, அது கழலை. செவிப்பின் முடிச்சில் அழற்சியணுக்கள் கலந்து காணப்பட்டன; அது உண்ணி கடித்த தடிப்பு. தொடையிலிருந்த பட்டாணியில், ஊதாநிறத் துகள்கள் செறிந்த உருண்டை அணுக்கள் திரளாகத் தோன்றின. மருத்துவர் முதியவரை அழைத்து நுண்பெருக்கியினூடே நோக்கச் செய்தார். ஆறு திங்கட்கு முன்னர்க் கண்டதே அது.

ஈண்டு ஒரு நுட்பம் அறியற்பாலது. ஊசியில் ஒன்றும் வாராதிருத்தலும் உண்டு. அப்போது நோயில்லையென்று முடிவு செய்தல் தவறாம். காணத்தக்க பொருள் காணத்தக்க இடத்தே காணப்படாதவழியே அதன் இன்மை துணியப்படும். தகட்டில் அணுக்களே ஏறாதபோது காணாமை இன்மைக்குச் சான்றன்று. அந்நிலையில் மீண்டும் ஊசியிடுதல் வேண்டும்; அல்லது சிறு துண்டை வெட்டியெடுத்து ஆராய்தல் வேண்டும்.

எல்லாரும் எண்ணுவதற்கு மாறாக, விடை தீயதாயிருந்தும் முதியவர் முகம் அன்று சிறிது தெளிந்தது. பல நாள் மூன்று புற்றுக்களைச் சுமந்தவர் இப்போது ஒன்றனையே சுமக்கவேண்டியிருந்தது. அதுவும் இன்னதென்று பெயரறிந்தது. ஆயினும் புதியதொரு கேள்வி எழுந்தது. பழைய நோய் உள்ளே பரவி இங்கு முளைத்ததோ? மருத்துவர் விளக்கினார்: அறுத்த தழும்பிலேயே கட்டி மீண்டும் தோன்றின், எஞ்சிய வேர் தழைத்ததெனக் கருத இடமுண்டு. இது மற்றைத் தொடையில், தனித்து, புதிதாகத் தோன்றியது. இந்நோய் ஒருமுறை வந்த நாய்கள் சிலவற்றுக்குப் பிறவிடங்களில் வேறு கட்டிகள் தாமே தோன்றுவதுண்டு. அவை பெரும்பாலும் முன்னதன் பரவல் ஆகா. ஒவ்வொன்றும் தனியே ஆராயத்தக்கது. எனினும் பரவலுண்டாயின் முதலில் அருகிலுள்ள நிணநீர் முடிச்சிலே சேருமாதலின், அதனிலும் ஊசியிட்டுப் பார்த்தார். அதில் புற்றின் அடையாளம் காணப்படவில்லை.

இனி அறுவையோ, விட்டுவிடுதலோ? மனைவியார் வினவியது ஆழமானது: “அம்மா, இது பத்து வயதை எட்டிய பிராணி. மறுபடி மயக்கமருந்து, தையல், கழுத்தில் அந்தக் கூம்புப்பட்டை. இதைச் செய்வது அதன் நன்மைக்கா, எங்கள் அச்சம் தீர்வதற்கா?” மருத்துவர் சற்றே எண்ணிப் பின் கூறினார்: “நல்ல கேள்வி அம்மா. வயது நோயன்று, இரத்தமும் சிறுநீரகமும் நெஞ்சும் பார்த்துச் சொல்கின்றேன். கட்டி பட்டாணியளவில் இருக்கும்போது காயமும் சிறியது, மயக்கமும் சிறுபொழுது. அதுவே பெருத்துப் புண்ணானபின் எடுப்பது அதற்குப் பெருந்துன்பம். நெஞ்சோ சிறுநீரகமோ இடந்தரவில்லையென்றால் நானே வேண்டாமென்பேன்; அப்போது மருந்தினால் நாளைக் கழிப்போம்.” ஆராய்ச்சிகள் இடந்தந்தன. மாசித் திங்களில் அறுவை முடிந்தது. இம்முறையும் தீவிரம் குறைந்த வகை என்றே அறிக்கை வந்தது.

தீவிரம் என்னும் இவ்வகுப்பு ஆய்வுக்கூடத்தார் அணுக்களின் தோற்றமும் பிரிதற்பெருக்கமும் நோக்கிச் செய்வது. 1984-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட முறை மூன்று படிகளை உடையது. நடுப்படியிலே மிகுதியான கட்டிகள் குவிந்து தெளிவின்றி நின்றமையால், 2011-ஆம் ஆண்டில் குறைந்தது, மிக்கது என்னும் இருபடி முறை வகுக்கப்பட்டது. குறைந்த படியினவாய் முழுதும் அறுத்தெடுக்கப்பட்ட கட்டிகளையுடைய நாய்களிற் பெரும்பாலன அந்நோயால் மாள்வதில்லை. ஆஸ்திரேலியாவின் மழைக்காட்டு மரமொன்றின் விதையினின்று எடுக்கப்படும் பொருளைக் கட்டியினுள்ளேயே செலுத்தி அதனை அழிக்கும் மருந்தும் 2020-ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. மரமும் செடியும் மருந்தாதல் நம்மவர் நெடுங்காலம் கண்டதேயாயினும், இந்நோயின்மேல் ஆராயாத பச்சிலைகளை அரைத்துப் பூசுதலும், எண்ணெய் தடவி உருவுதலும், சூடிடுதலும் தீங்கே பயப்பன. கட்டியைக் கலக்கி ஹிஸ்டமினை வெளிப்படுத்துவன.

அறுவை முடிந்தது, கவலை முடிந்ததோ? மருத்துவர் விடைகொடுக்குங்கால், “இனியும் வரலாம்; வாராமலும் இருக்கலாம்,” என்றே கூறினார். எதிர்காலத்தைப் பற்றிய ஐயம் எவ்வூசியாலும் தீராது. தீராத ஐயத்தோடு வாழும் முறையை மனிதன் கற்றல் வேண்டும். அம்முதியவர் வகுத்துக்கொண்ட முறை பிறர்க்கும் பயன்படுவது. ஒவ்வொரு மாதப்பிறப்பன்றும் காலையில், நல்ல வெளிச்சத்தில், மூக்கு முதல் வால் வரை ஒருமுறை மென்மையாகத் தடவிப் பார்ப்பார். செவிமடல், உதட்டினுள், அக்குள், விரலிடுக்கு, வாலடி ஒன்றும் விடார். குறிப்பேட்டிலே நாயின் வடிவத்தை வரைந்து வைத்து, கட்டியுள்ள இடத்தைப் புள்ளியிட்டு, அளவையும் நாளையும் குறிப்பார். பழைய கழலைக்கும் குறிப்புண்டு. அதன் இயல்பு மாறினால் அதுவும் தெரியும். புதிதொன்று பட்டாணியளவினதாகவோ, ஒரு திங்கள் நிலைத்ததாகவோ இருப்பின் ஊசி ஆராய்ச்சிக்குக் கொண்டுசெல்வார். மற்றை நாட்களில் தேடுவதில்லையென்பது அவர் நியமம். அந்நாட்களில் அவர் கை தடவிக்கொடுப்பதற்கே உரியது.

மாதப்பிறப்பு வரும்வரை காத்திராது மருத்துவரிடம் செல்லவேண்டிய குறிகளும் உள. கட்டி சில நாளிலே விரைந்து பெருத்தல், சிவந்து புண்ணாதல், குருதி கசிதல், நாய் அதனை ஓயாது நக்குதல், வாந்தி, தாரைப்போல் கறுத்த மலம், உணவில் வெறுப்பு என்பன அவை. வாந்தியும் கறுத்த மலமும் தோற்கட்டியொடு தொடர்பில்லாதன போலத் தோன்றும். ஹிஸ்டமின் இரைப்பையில் அமிலத்தை மிகுவித்துப் புண்ணாக்குதலின் அவையும் இந்நோயின் குறிகளாதல் கூடும்.

இதுகாறுங் கூறியவற்றைக் கேட்டு, நாயொன்றன் பொருட்டு இத்துணைக் கவலையும் செலவும் தகுமோ என வினவுவார் உளர். நாலடியார் நண்பினை ஆராயும் இடத்து, பழகிய பாகனையே கொல்லும் யானையினும், எய்த வேல் தன் உடம்பில் நிற்கவும் தலைவனைக் கண்டு வால் குழைக்கும் நாயின் கேண்மையை மேலாக வைத்தது. மாணிக்கவாசகர் இறைவன் திருமுன் தம்மை நாயோடு ஒப்பித்துப் பலகாலும் பாடியருளினார். அதன் தாழ்வோடு அதன் நன்றியும் அவ்வுவமையில் அடங்கும். நாய் வைரவக் கடவுட்கு ஊர்தியாதலும் யாவரும் அறிந்ததே. தருமன் தன்னைத் தொடர்ந்த நாயை விட்டுத் துறக்கம் புகேனென்று நின்ற வரலாறு பாரதத்தில் உளது. பத்தாண்டு நம் வாயிற்படியில் காத்துக்கிடந்த உயிர்க்கு நோய் வந்தவிடத்துச் செய்வது நன்றிக்கடனே. தானம் என்று கூறுதலும் மிகையாம்.

நோய் அதன் வினைப்பயனாயின் மருத்துவத்தால் யாது பயன் என்பாரும் உளர். பசித்தவன் முன் சோற்றை வைத்துக்கொண்டு, பசி வினைப்பயன் என்று கூறி உண்ணாதிருப்பாரைக் கண்டிலேம். நோயூட்டும் வினை எதுவோ அதுவே மருந்தையும் மருத்துவரையும் உடன்கூட்டுதலும் கூடும். எதுவரை கூட்டுமென்பது செய்துபார்த்தவழியன்றித் தெரியாது. செய்யத்தக்கதைச் செய்துமுடித்த பின்னர் வருவதனை ஏற்றலே வினைக்கொள்கையுடையார்க்கு அழகு. செய்யாமைக்கு அதனைச் சாக்காக்குதல் சோம்பலுக்குச் சாத்திரத்தைப் போர்வையாக்குதலாம்.

மற்று, ஓயாத கவலையை அன்பென்று எண்ணுதலும் பொருந்தாது. கவலை மிக்கவிடத்து மனிதன் தன் அச்சத்தையே நோக்குகின்றான். எதிரே நிற்கும் உயிரை நோக்குவதில்லை. நாய்க்கு நேற்றைய தையலும் நாளைய கட்டியும் இல்லை. இன்றைய சோறும் நிழலும் தலைவனது கையுமே உள. அதன் எஞ்சிய நாள் சிலவாயினும் பலவாயினும், அவற்றைத் தேடும் கைக்குக் கொடுப்பதோ, தடவும் கைக்குக் கொடுப்பதோ என்பது வளர்ப்போர் கையில் உள்ளது.

ஆகவே ஐயுற்றவிடத்துத் தெளிவிற்கு வழியுளதாயின் அதனைக் காலந்தாழ்க்காது நாடுக; அறிந்தார் உரையையே கொள்க; அச்சமும் சோம்பலும் கூறும் விரைந்த துணிவுகளை ஒருங்கே தள்ளுக. தெளிவிற்கு வழியில்லாத ஐயத்திற்கு மாதத்தில் ஒரு காலைப்பொழுதை வரையறுத்துக் கொடுத்து, எஞ்சிய பொழுதினை அன்பிற்குக் கொடுக்க. இங்ஙனம் செய்வார்க்கு அளவை நூலில் ஐயத்தையும் திரிபையும் விலக்கி வைத்த ஆசிரியர் கருத்து ஏட்டளவில் நில்லாது இல்வாழ்விலும் துணையாய் நிற்குமென்க.